வீட்டின் கார் வழி ஊராரின் குறுக்குவழியாக மாறாமல் இருக்க

வணக்கம். நம் மனைக்குள் கார் வந்து போவதற்காக விட்டிருக்கும் வழியை மற்றவர்கள் குறுக்குவழியாகப் பயன்படுத்தினால், அதைச் சண்டை சச்சரவில்லாமல் எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். கோயம்புத்தூர், திருப்பூர் போன்ற ஊர்களின் புறநகர் மனைப்பிரிவுகளில், மூலை மனையிலோ முன்னும் பின்னும் தெரு உள்ள மனையிலோ வீடு கட்டியவர்கள் பலருக்கு இந்தத் தொல்லை உண்டு. மனை காலியாகக் கிடந்த காலத்தில், பேருந்து நிறுத்தத்துக்குப் போகிறவர்கள் குறுக்கே நடந்து நடந்து அங்கே ஒற்றையடிப் பாதை விழுந்திருக்கும். வீடு வந்த பிறகும், இரண்டு பக்கமும் திறப்பு இருக்கும்வரை, அந்தப் பழக்கம் விடுவதில்லை.

இப்போது நீங்கள் பார்ப்பது எங்கள் வீட்டின் பக்கவாட்டு வழி. இரண்டு சக்கர வாகனங்கள் தெருவிலிருந்து வளைந்து ஏறும் இந்த மூலையில் மட்டும் சிமெண்ட் கற்களின் விளிம்பு உடைந்து, அடியில் இருக்கும் மணல் வெளியே தெரிகிறது. கற்களை மாற்றிக்கொள்ளலாம்; அது பெரிய விஷயமில்லை. ஆனால் போர்டிகோவிலிருந்து காரைப் பின்னோக்கி எடுக்கும்போது, சுவர் மறைப்பிலிருந்து புத்தகப் பையுடன் ஒரு பிள்ளை ஓடி வந்தால், பின்கண்ணாடியிலோ பக்கக் கண்ணாடியிலோ அந்தப் பிள்ளையின் தலை தெரியாமல் போக நிறைய வாய்ப்பிருக்கிறது. இந்த வழியை அடைக்க வேண்டும் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். நிலத்தின் மீதுள்ள உரிமை அதற்குப் பிறகுதான் வருகிறது.

அடைப்பதற்கு முன்னால், அது முழுக்க முழுக்க உங்கள் நிலம்தானா என்பதைக் காகிதத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் செக்குபந்தியை, அதாவது நான்கு பக்க எல்லை விவரத்தை, மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அதன் கடைசி வரிகளில் “மாமூல் வழிநடை பாத்தியம்”, “வண்டித்தட பாத்தியம்” போன்ற, நடக்கவும் வண்டி ஓட்டவும் உள்ள உரிமையைக் குறிக்கும் சொற்கள் பின்மனைக்காரருக்குச் சாதகமாக எழுதப்பட்டிருக்கிறதா என்று வரிவரியாகப் படியுங்கள். பட்டாவையும், நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து, தேவைப்பட்டால் கட்டணம் செலுத்தி சர்வேயரை வரவழைத்து, எல்லைக் கற்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் பொதுச் சாலையாக ஒதுக்கப்பட்ட துண்டு ஒன்று உங்கள் சுவரை ஒட்டி இருக்குமானால், எத்தனை ஆண்டுகளாக நீங்கள் அதைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வந்தாலும் அதை அடைக்க உங்களுக்கு உரிமை கிடையாது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் “பாவம், போனால் போகட்டும்” என்று விட்டுவிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இது தெரிவதில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, ஒருவர் தம் மனைக்குப் போய்வர மற்றொருவரின் நிலத்தின் வழியே, தமக்கு உரிமை உண்டு என்ற நிலையில், வெளிப்படையாகவும் அமைதியாகவும் இடைவிடாமலும் 20 ஆண்டுகள் போய்வந்திருந்தால், அந்த வழி அவருக்கு நிலையான உரிமையாகிவிடும். நீங்கள் அனுமதித்து, அந்த அனுமதியின் பேரில் ஒருவர் நடந்திருந்தால் அது இந்தக் கணக்கில் சேராது. நீங்கள் தடுத்து, அந்தத் தடையைத் தெரிந்துகொண்ட பிறகும் அவர் ஓராண்டு வரை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டிருந்தால்தான் அது தொடர்ச்சியை முறித்த தடையாகக் கொள்ளப்படும். எனவே, அனுமதிப்பதானால் வாய்விட்டு அனுமதியுங்கள். இயன்றால் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டுவைப்பதுதான் பின்னாளில் வழக்காக வளர்கிறது. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்மனைக்குச் செல்ல வேறு வழியே இல்லாமல், ஒரே நிலமாக இருந்ததைப் பிரித்து விற்றதால் அந்த நிலை வந்திருந்தால், அதே சட்டத்தின் 13ஆம் பிரிவு பின்மனைக்காரருக்கு வழி கொடுக்கிறது. அவருடைய வழியை மறித்துக் கேட் போடாதீர்கள்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவில் உள்ள குற்றவியல் அத்துமீறல் என்பதற்கு, குற்றம் செய்யவோ, மிரட்டவோ, அவமதிக்கவோ, தொந்தரவு கொடுக்கவோ வேண்டும் என்ற நோக்கம் இருக்க வேண்டும். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று குறுக்கே நடக்கிறவரிடம் அந்த நோக்கத்தை எப்படிக் காட்டுவீர்கள்? பேச்சுக்கும் வேலிக்கும் கட்டுப்படாமல் ஒருவர் பிடிவாதமாக வந்துகொண்டிருந்தால், உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தர உறுத்துக்கட்டளை, அதாவது இனி அப்படி வரக் கூடாது என்ற தடை உத்தரவு, கேட்பதுதான் முறை. பெரும்பாலானோருக்கு அந்த அளவுக்குப் போக வேண்டிய தேவையே வராது.

முதலில், அவர்கள் ஏன் உங்கள் வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதை நேரில் போய்ப் பாருங்கள். அவர்கள் தவிர்க்கும் தெருவில் நீங்களே ஒரு மாலை நேரத்தில் நடந்து பாருங்கள். அங்கே சாக்கடை மூடி உடைந்து கிடக்கலாம், தெருவிளக்கு எரியாமல் இருக்கலாம், மழை பெய்தால் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கலாம், நாய்கள் கூட்டமாகப் படுத்திருக்கலாம். இருட்டில் அந்த வழியே தனியாக வர அஞ்சும் ஒரு பெண்ணிடம் “என் நிலம்” என்று மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. வார்டு கவுன்சிலரிடமும் நகராட்சியிலும் மனு கொடுங்கள், 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அந்த மனுவில் குறுக்கே வருகிறவர்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். தெரு சரியானால் பாதிப் பேர் தாமாகவே அந்தப் பக்கம் போய்விடுவார்கள், மீதிப் பேரிடம் பேசுவதற்கு உங்களுக்கும் முகம் இருக்கும்.

பேசும்போது நடுவழியில் மறித்து நிறுத்திப் பேச வேண்டாம். வழக்கமாக வருகிறவர்கள் யார் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக்கே போய், “அண்ணா, கார் எடுக்கும்போது குழந்தைகள் குறுக்கே வருகிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது, அடுத்த மாதம் கேட் போடப் போகிறோம்” என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திடீரென்று ஒரு காலையில் பூட்டைப் பார்ப்பவருக்கு வரும் கோபம், சொல்லிவிட்டுப் பூட்டினால் வராது. பிள்ளைகளிடம் அதட்டிப் பேசாமல் பெற்றோரிடம் சொல்லுங்கள். பார்சல் கொண்டு வரும் இளைஞர்கள் செல்பேசி வரைபடம் காட்டும் பாதையில்தான் வருகிறார்கள். உங்கள் வழி அதில் தெருவாகக் காட்டப்பட்டிருந்தால், அந்தச் செயலியிலேயே திருத்தம் தெரிவிக்கும் வசதி இருக்கிறது.

அடுத்தது தடுப்பு. இரண்டு திறப்புகளில் ஒன்றை நிரந்தரமாக மூடிவிட முடிந்தால் அதுவே போதும், ஏனென்றால் மறுபக்கம் வெளியேற முடியாத வழிக்குள் யாரும் குறுக்குவழி தேடி நுழைய மாட்டார்கள். சுவர் எழுப்பப் பணம் இல்லையென்றால் உயிர்வேலி போடலாம். கொங்குப் பகுதியில் மேய்ச்சல் நிலமான கொறங்காடுகளைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நிற்பது கிளுவை வேலிதான். போத்துகளை, அதாவது கிளைத் துண்டுகளை, வெட்டி மழைக்காலத்தில் நெருக்கமாக ஊன்றினால் போதும். வறட்சியைத் தாங்கும், முள்ளும் உண்டு. தெருவை ஒட்டிய பக்கத்தில் முள் வேண்டாம் என்றால் மருதாணியை நெருக்கி நட்டு, இடுப்பு உயரத்தில் கத்தரித்துவிடுங்கள். செடி வளரும்வரை இடைவெளியில் பெரிய கற்களைப் போட்டு, இரவில் தெரியும்படி வெள்ளையடித்து வையுங்கள். கேட் உள்பக்கமாகத் திறக்கட்டும்; வெளியே திறந்தால் தெருவில் போகிறவர்மீது இடிக்கும். வாசலில் தினமும் கோலம் போடும் பழக்கம் உள்ளவர்கள் அதைத் திறப்பின் எல்லைக்கே நகர்த்திப் பாருங்கள். அறிவிப்புப் பலகையைக் கவனிக்காமல் நடக்கிறவர்கள்கூடக் கோலத்தை மிதிக்கத் தயங்கி ஒதுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பலகை வைப்பதானால் “இது வீட்டு வழி, கார் பின்னோக்கி வரும், தெரு வழியாகச் செல்லவும்” என்று காரணத்தோடு எழுதுங்கள். “அத்துமீறினால் தண்டிக்கப்படுவீர்கள்” என்று எழுதினால் பகைதான் வளரும்.

சில காரியங்களை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். திறப்பின் குறுக்கே மெல்லிய கம்பியோ சங்கிலியோ கட்டினால், இரவில் வண்டியில் வருகிறவரின் கண்ணுக்கு அது தெரியாது, கழுத்தில் பட்டால் உயிரே போய்விடும். தரையில் கண்ணாடிச் சில்லு, ஆணி, மூடி மறைத்த பள்ளம், அவிழ்த்துவிட்ட நாய், இவற்றால் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் நிலம் உங்களுடையது என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது. உரிமை உள்ள ஒருவரை வலுவில் மறித்து நிறுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 126ஆம் பிரிவின்படி சட்டவிரோதத் தடுப்பு. அதற்கு ஒரு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். தமக்கு அடைக்கும் உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தோடு நம்பித் தனியார் வழியை அடைப்பவருக்கு அதே பிரிவு விலக்கு அளிக்கிறது. அந்த நல்லெண்ணத்தைக் காட்டுவதற்குத்தான் காகிதங்களை முதலில் பார்க்கச் சொன்னேன்.

கேட் போட்ட பிறகும் ஓரிருவருக்கு வழிவிட வேண்டியிருக்கும். பின்தெருவில் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டி கோயிலுக்குச் சுற்றிப் போக முடியாது என்றால், அவருக்காகப் பக்கத்தில் ஒரு சிறு கதவு வைத்து, எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்று அவர் மகனிடம் சொல்லுங்கள். இது உங்கள் அனுமதியின் பேரில் மட்டுமே என்று ஒரு வரி எழுதி, தேதியிட்டு அந்த மகனிடம் கையெழுத்து வாங்கி, பத்திரத்தோடு சேர்த்து வைத்துவிடுங்கள்.