முடிச்சை அவிழ்க்காதீர்கள்: வனக்குற்றப் புலனாய்வு பற்றி ஓர் உரை

அவைக்கு வணக்கம்.

வனக்குற்றப் புலனாய்வு என்றதும் இருட்டில் ஜீப் விரட்டுவதும், துப்பாக்கியோடு ஓடுகிறவனை மடக்கிப் பிடிப்பதும்தான் பலருக்கு நினைவில் வரும். அதுவும் நடப்பதுண்டு, எப்போதாவது. பெரும்பாலான வழக்குகளில் அலுவலர் போய்ச் சேரும்போது அங்கே ஆள் இருக்க மாட்டான். ஓர் உடல் கிடக்கும், பல நேரம் அதிலும் பாதிதான். தலையும் குடலும் இருக்கும், தொடைகள் போயிருக்கும். மனிதக் கொலை என்றால் காணவில்லை என்று தேடுவதற்கு உறவினர் உண்டு, கடைசியாகப் பார்த்தேன் என்று சொல்ல அக்கம்பக்கத்தார் உண்டு. இங்கே புகார் கொடுக்கவே ஆள் கிடையாது. அதனால் வழக்கு முழுவதும் அந்த இடத்தைச் சார்ந்தே நிற்கிறது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் அங்கே என்ன செய்தார்கள், எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதில்தான் வழக்கு பிழைக்கிறது, அல்லது சாகிறது. அந்த மணி நேரங்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

அலுவலர் முதலில் கேட்க வேண்டியது, இது குற்றம்தானா என்பது. விலங்குகள் நோயில் சாகும், வண்டியில் அடிபட்டுச் சாகும், வேறொரு விலங்கு கொன்று தின்னும். உடலில் ஓட்டை இருப்பதாலேயே அது தோட்டா ஓட்டை ஆகிவிடாது. பறவை கொத்திய ஓட்டையாகவும் இருக்கலாம். இதைப் பிரித்தறியத் தோலை உரித்து உட்புறம் பார்க்க வேண்டும். உயிரோடு இருக்கும்போது பட்ட காயமானால், சுற்றியுள்ள சதையில் ரத்தம் கசிந்து ஊறிக் கன்றிப் போயிருக்கும். இறந்தபின் நரியோ கழுகோ கடித்த இடம் வெளிறிக் கிடக்கும். இந்த ஒரு வேறுபாட்டை ஒழுங்காகப் படம் எடுத்து வைக்காததால் தோற்ற வழக்குகள் உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, “செத்துக் கிடந்ததைத்தான் என் கட்சிக்காரர் எடுத்தார்” என்பார். அதற்குப் பதில் அந்தக் கன்றிய சதைதான்.

இடத்தை அணுகுவதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. உடலை நோக்கி நேராக ஓடக் கூடாது. வேட்டைக்காரன் வந்திருக்க வாய்ப்பில்லாத ஒரு பக்கத்தைத் தேர்ந்து, போவதும் வருவதும் அந்த ஒற்றைத் தடத்திலேயே இருக்க வேண்டும். ஐந்து பேர் போய் ஆளுக்கொரு பக்கம் சுற்றினால் காலடித் தடம் எல்லாம் அவர்களுடையதாகிவிடும். பிறகு படம். தூரத்திலிருந்து இடம் முழுதும் தெரிய ஒன்று. அருகிலுள்ள மரம், பாறையோடு சேர்த்து ஒன்று. காயத்துக்கும் தடயத்துக்கும் பக்கத்தில் அளவுகோல் வைத்துச் செங்குத்தாக ஒன்று. அளவுகோலை வைப்பதற்கு முன் அதே கோணத்தில் ஒரு படம் வேண்டும். இல்லாவிட்டால் அளவுகோலுக்கு அடியில் எதையோ மறைத்தார்கள் என்று கேள்வி வரும்.

ஈர மண்ணில் நல்ல காலணித் தடமோ டயர் தடமோ இருந்தால் அச்செடுக்கலாம். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் அச்சுத்தூள் இதற்கு ஏற்றது. ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய 300 முதல் 350 மில்லி தண்ணீர். தடத்தின் மேல் நேரே கொட்டினால் விளிம்பு சிதையும். பக்கத்துத் தரையில் ஊற்றி உள்ளே ஓட விட வேண்டும். அரை மணி நேரம் பொறுத்து எடுக்கலாம். ஒட்டிய மண்ணைக் கழுவுவதற்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துலக்கினால் தேய்மானக் கோடுகள் போய்விடும். காலணியை அடையாளம் காட்டுவதே அந்தத் தேய்மானம்தான்.

துப்பாக்கி வழக்கில் உலோகங்காட்டிக் கருவி இல்லாமல் தேடுவது வீண் வேலை. காலித் தோட்டா உறை இலைச்சருகுக்கு அடியில் போய்விடும். கிடைத்தால் உறையின் வாய்க்குள் குச்சியோ ஆணியோ விட்டுத் தூக்கக் கூடாது. அதனால் விழும் கீறல், துப்பாக்கி ஏற்படுத்திய கீறலோடு கலந்துவிடும். உடலுக்குள் ஈயத்தோட்டா சிதறியிருந்தால் எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். தோட்டா மறுபுறம் வெளியேறியிருந்தாலும் அந்தப் புள்ளிகள், அது சென்ற வழியைக் காட்டிக்கொடுக்கும்.

எப்போது இறந்தது என்பது இன்னொரு கேள்வி. வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் காலமும் நேரமும் வரையறுத்திருப்பார்கள். இரவில் விளக்கடித்துச் சுட்டதா, பகலில் சுட்டதா என்பதே குற்றத்தைத் தீர்மானிக்கும். தொடைச் சதையின் நடுவில் வெப்பமானியைச் செருகி அளப்பார்கள். ஒருமுறை அளந்தால் போதாது. இடைவெளி விட்டு மீண்டும் அளந்தால்தான் ஆறும் வேகம் தெரியும். காற்றின் வெப்பநிலை, தோல் உரித்ததா, குடல் எடுத்ததா, நிழலில் கிடந்ததா என்பவற்றையும் குறிக்காவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் இல்லை. நாள் கடந்த உடலென்றால் ஈப் புழுக்கள்தான் கணக்குச் சொல்லும். பெரிய புழுக்களைத் தேடி எடுக்க வேண்டும், ஏனென்றால் அவைதாம் முதலில் வந்தவை. பாதியை வெந்நீரில் அமிழ்த்திக் கொன்று 80 சதவீத எத்தனாலில் போட வேண்டும். மீதியை உயிரோடு அனுப்ப வேண்டும், ஈயாக வளர்ந்தால்தான் இனம் உறுதியாகும். உயிருள்ள புழுவை நேராக எத்தனாலில் போட்டால் சுருங்கிக் கறுத்து, நீளத்தை வைத்து வயது கணிக்க முடியாமல் போகும்.

இப்போது சுருக்குக் கம்பிக்கு வருகிறேன். துப்பாக்கி சத்தம் போடும், விலையும் அதிகம். சுருக்குக்கு ஒரு துண்டு கம்பியும் ஒரு மரமும் போதும். மிதிவண்டியின் பிரேக் கம்பி, மோட்டார் கிளட்ச் கம்பி, வேலிக் கம்பி என எதுவும் ஆகும். மானுக்கு வைத்ததில் சிறுத்தை மாட்டும், யானைக்குட்டியின் காலும் மாட்டும். அலுவலர் அதைக் கண்டதும் அறுத்து எறிய வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். உயிருள்ள விலங்கு மாட்டியிருந்தால் முதலில் அதைக் காப்பாற்ற வேண்டும், அதில் இரண்டாவது பேச்சே கிடையாது. ஆனால் வெட்டும்போது முடிச்சிலிருந்து தள்ளி வெட்டுங்கள். முடிச்சு போடும் விதம் கைக்குக் கை மாறும். ஒரே மாதிரி முடிச்சு பத்துச் சுருக்குகளில் இருந்தால் அது ஒரே ஆளின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். கம்பியின் முனை வெட்டப்பட்ட விதமும் முக்கியம்: சந்தேக நபரின் வீட்டில் உள்ள கம்பிச் சுருளின் முனையோடும் கட்டிங் பிளேயரின் வாயோடும் அதை நுண்ணோக்கியில் ஒப்பிடலாம். அதனால் அலுவலர் தானே வெட்டிய முனையில் நூல் கட்டி, “இது என் வெட்டு” என்று சீட்டு எழுதி வைக்க வேண்டும். இந்தச் சீட்டு எழுத அரை நிமிடம்கூட ஆகாது. எழுதாமல் விட்டால், நீதிமன்றத்தில் நான்கு முனைகளில் எது யார் வெட்டியது என்று யாருக்கும் தெரியாது.

விஷம் வைத்த இடத்தில் ஆபத்து அலுவலருக்கும் உண்டு. கார்போஃபியூரான் போன்ற பூச்சிக்கொல்லியை இறைச்சியில் தடவி வைப்பார்கள். உடலின் மேல் ஈக்களே செத்துக் கிடந்தால், கழுகோ பருந்தோ கால் நகங்களை இறுக மூடியபடி கிடந்தால், இந்த வகை நஞ்சைச் சந்தேகிக்க வேண்டும். வெறுங்கையால் தொடக் கூடாது. நஞ்சு தடவிய இரை, செத்த விலங்கின் இரைப்பையில் உள்ளது, கல்லீரல், மூளை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கட்டி உறைய வைக்க வேண்டும். மூளை எதற்கென்றால், இந்த நஞ்சு அங்குள்ள கோலினெஸ்டிரேஸ் என்ற நொதியை முடக்கிவிடும். ஆய்வகம் அந்த முடக்கத்தை அளக்கும். சுற்றிலும் நூறு மீட்டராவது தேட வேண்டும், ஏனென்றால் ஓர் இரையைத் தின்று சாவது ஒரு விலங்கோடு நிற்பதில்லை.

கொடுமை என்ற குற்றத்தை நிரூபிப்பது இதைவிடக் கடினம். கொன்றான் என்பதற்கு உடல் போதும். வதைத்தான் என்பதற்கு எவ்வளவு காலம் வதைபட்டது என்று காட்ட வேண்டும். அவுட்டுக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். தீனிக்குள் வெடிமருந்து வைத்து விடுவது. கடித்ததும் தாடை சிதறும், உயிர் போகாது. தின்ன முடியாமல் பல நாள் அலைந்து பட்டினியில் சாகும். இதைக் கால்நடை மருத்துவர் எலும்பு மஜ்ஜையில் காண்பார்: நல்ல உடல்நிலையில் கொழுப்பாக வெளுத்து இருக்கும் மஜ்ஜை, பட்டினியில் சிவந்து கூழ்போல் ஆகிவிடும். கம்பிச் சுருக்கென்றால் காயத்தின் ஓரத்தில் புதிதாக வளர்ந்த சதை, நாள் கணக்கைச் சொல்லும். நாய்களை ஏவி விலங்குகளோடு சண்டையிட வைக்கும் கூட்டத்தில் நாய்களையும் பரிசோதிக்க வேண்டும். மூக்கிலும் கீழ்த்தாடையிலும் முன்னங்காலிலும் பழைய தழும்பும் புதிய காயமும் சேர்ந்தே இருந்தால், அது ஒருநாள் விபத்தல்ல. மருத்துவரிடம் காட்டினால் மாட்டிக்கொள்வோம் என்று அவர்களே தைத்திருப்பார்கள். அந்தத் தையலும் சாட்சிதான். விலங்கை வதைப்பவன் அதோடு நிற்பதில்லை என்ற எண்ணம் இன்று காவல் துறைகளிலும் பரவிவருகிறது. அமெரிக்காவின் கூட்டாட்சிப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ 2016 முதல் விலங்குக் கொடுமையைத் தனிக் குற்றவகையாகப் பதிவு செய்கிறது.

ஆய்வகங்கள் இன்று நிறையச் செய்கின்றன. காட்டில் கிடந்த குடலும், ஒருவரின் உறைபெட்டியில் இருக்கும் இறைச்சியும் ஒரே விலங்கினுடையவை என்று மரபணு காட்டும். ஆனால் அந்தப் பகுதியின் விலங்குகளிடம் மரபணு எப்படி விரவியிருக்கிறது என்ற தரவு இல்லாமல் பொருத்தத்துக்கு வலு இல்லை. சிறிய கூட்டத்தில் எல்லாமே நெருங்கிய சொந்தமாக இருக்கும். தந்தம் என்றால் குறுக்குவெட்டில் ஒன்றையொன்று வெட்டும் கோடுகளைப் பார்ப்பார்கள். வெளிவிளிம்பை ஒட்டி அவை வெட்டும் கோணம் 115 பாகைக்கு மேல் என்றால் யானை, 90க்குக் கீழ் என்றால் அழிந்துபோன யானை இனமான மாமத். “இது தாத்தா காலத்துத் தந்தம்” என்பதும் இனி எளிதில் செல்லாது. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகி, பிறகு படிப்படியாகக் குறைந்தது. தீனி வழியே அது யானையின் உடலிலும் சேரும். தந்தத்தின் அடியில், கடைசியாக வளர்ந்த பகுதியில் அதை அளந்தால் யானை இறந்த காலம் தெரியும். கைப்பற்றப்பட்ட தந்தங்களை இப்படிச் சோதித்து 2016இல் வெளியான ஆய்வில், பெரும்பாலானவை கைப்பற்றுவதற்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் இறந்த யானைகளுடையவை என்று தெரிந்தது.

இத்தனை அறிவியலும் ஓர் உறையின் மேலுள்ள கையெழுத்தில் தொங்குகிறது. ரத்தக் கறை பட்ட துணியை நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும்; பிளாஸ்டிக்கில் போட்டால் பூசணம் பிடித்து மரபணு கெடும். இறைச்சியை உடனே உறைய வைக்க வேண்டும். யார் எடுத்தார், எங்கே வைத்தார், யாரிடம் எப்போது கொடுத்தார் என்ற வரிசையில் ஒரு நாள் விடுபட்டால், குறுக்கு விசாரணை அந்த ஒரு நாளைப் பற்றியே நடக்கும்.

நீங்கள் அலுவலர்கள் அல்லர். ஆனால் பல நேரம் முதலில் பார்ப்பது நீங்கள்தான். காட்டோரத்தில் செத்த விலங்கையோ சுருக்கையோ கண்டால் தொடாதீர்கள், கூட வந்த நாயைப் பிடித்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்திலிருந்தே படம் எடுங்கள், பக்கத்தில் தெரியும் அடையாளம் ஒன்று அதில் இருக்கட்டும். கைப்பேசி காட்டும் இடக்குறியீட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வந்த தடத்திலேயே திரும்புங்கள். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள், வேறெங்கும் பதிவிடாதீர்கள். காலிச் சுருக்கென்றால் அதை நீங்களே பிடுங்கவும் வேண்டாம். வைத்தவன் அதைப் பார்க்கத் திரும்பி வருவான்; அலுவலர்கள் அதற்குள் எதிர்மரத்தில் ஒரு கேமராவைக் கட்டி முடித்திருக்க வேண்டும்.