நாய் இரைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

[காட்சி: மே மாத மதியம். வேப்பமர நிழலில் நாக்கைத் தொங்கப்போட்டு இரைக்கும் நாட்டு நாய்.]

வணக்கம். ஓய்வாக இருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 30 முறை மூச்சு விடும். வெயில் ஏறினால் அதே நாய் 300 முறைகூட இரைக்கும். தசை வேலை செய்தால் சூடு உண்டாகும். உடம்பைக் குளிர வைக்கத் தசையை இவ்வளவு வேகமாக ஆட்டினால் சூடு இன்னும் ஏற வேண்டாமா? ஏறுவதில்லையே, ஏன்? அதற்கு நெஞ்சுக்கூட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

[காட்சி: பக்கவாட்டு வரைபடம். 13 ஜோடி விலா எலும்புகள், அவற்றின் பின்னால் குவிந்த உதரவிதானம்.]

நுரையீரல் தானாக விரியாது. சுற்றியுள்ள கூடு விரிந்தால் அதுவும் இழுபட்டு விரியும், காற்று உள்ளே வரும். கூட்டை விரிப்பதில் முதல் ஆள் உதரவிதானம். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் இந்த மெல்லிய தசை, ஓய்வில் நெஞ்சுக்குள் குவிந்திருக்கும். சுருங்கும்போது தட்டையாகி ஈரலையும் இரைப்பையையும் பின்னால் தள்ளும். தூங்கும் நாயின் வயிறு மூச்சுக்கு மூச்சு எழும்புவது இதனால்தான்.

இதை இயக்கும் நரம்பு கழுத்திலிருந்தே, 5, 6, 7ஆம் கழுத்து நரம்புகளிலிருந்து வருகிறது. எவ்வளவு நல்ல ஏற்பாடு பாருங்கள்! வண்டியில் அடிபட்டு நடுமுதுகு முறிந்து, பின்னங்கால் இரண்டும் விழுந்துபோன நாய்க்கும் மூச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

[காட்சி: விலா எலும்புகளுக்கு நடுவே எதிரெதிர்ச் சாய்வில் இரண்டு அடுக்குத் தசை நார்கள்.]

அப்புறம் விலா இடைத் தசைகள். வெளி அடுக்கு விலாவை விரிக்கும், உள் அடுக்கு சுருக்கும் என்று பாடத்தில் படித்திருப்போம். பெல்ஜிய ஆய்வாளர் ஆந்த்ரே டி ட்ராயர் நாய்களில் அளந்து பார்த்தார். அமைதியான மூச்சில் விலாவை இழுக்கும் பெரும்பங்கு, மார்பெலும்பை ஒட்டியுள்ள உள் அடுக்குத் தசைக்கே என்று தெரிந்தது. அதே அடுக்குதான், ஆனால் இருக்கும் இடத்தைப் பொறுத்து வேலையே மாறிவிடுகிறது.

மூச்சை வெளியே விடுவதிலும் நாய் நம்மைப் போல இல்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் தசையைத் தளர்த்தினாலே காற்று வெளியேறிவிடும். நாய்க்கு மார்பெலும்பின் உட்புறத் தசையும் அடிவயிற்றின் உள்தசையும் சுருங்கித் தள்ளிவிட வேண்டும்.

[காட்சி: மெதுவாக ஓட்டிய காட்சி. இரைக்கும் நாயின் விலாப்பக்கம் மட்டும்.]

சரி, இரைப்புக்கு வருவோம். நாயின் நெஞ்சுக்கூடும் நுரையீரலும் மீள்தன்மை உள்ளவை. இழுத்துவிட்டால் தாமாகவே திரும்பும். நொடிக்குச் சுமார் 5 முறை அசைவது அவற்றின் இயல்பான வேகம். 1962இல் கிராஃபர்ட் என்ற ஆய்வாளர் கண்டது, நாய் இரைப்பதும் ஏறக்குறைய அதே வேகத்தில் என்பதை. ஆடும் ஊஞ்சலை அதன் போக்கிலேயே லேசாகத் தட்டிவிடுவது போல, தசை சின்ன உந்துதல் மட்டும் கொடுத்தால் போதும். வேறு வேகத்தில் இரைத்தால், வெளியேறுவதைவிட அதிகச் சூடு தசையிலேயே உண்டாகிவிடும் என்று அவர் கணக்கிட்டார். நாய் படிப்படியாக வேகம் கூட்டாமல், சாதாரண மூச்சிலிருந்து சட்டென்று இரைப்புக்குத் தாவுவதும் இதனால்தான்.

இந்த மூச்சு மேலோட்டமானது. காற்று பெரும்பாலும் மூக்கு வழியாக வந்து, ஈரத்தை ஆவியாக்கி, வாய் வழியாகச் சூட்டோடு போய்விடும்.

[காட்சி: முழங்கைகளை அகட்டி, கழுத்தை நீட்டி நிற்கும் நாயின் கோட்டோவியம்.]

வண்டியில் அடிபட்ட நாயிடம் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். வெளியே காயமே இல்லாமல் உதரவிதானம் கிழிந்திருக்கலாம். ஈரலும் குடலும் நெஞ்சுக்குள் ஏறிவிடும். மூச்சு இழுக்கும்போது நெஞ்சு விரிய, வயிறு உள்ளே ஒட்டும். நாய் படுக்க மறுக்கும். அதை மல்லாக்கப் போடாதீர்கள், பின்னங்காலைப் பிடித்துத் தூக்காதீர்கள். முன்னுடல் சற்று உயர்ந்திருக்கும்படி தாங்கி, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.