மூலத்துக்குச் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு

நேயர்களுக்கு வணக்கம்.

மூலம் என்ற பேச்சு வந்தாலே ரேடியோவின் சத்தத்தைக் குறைத்துவிடுகிற வீடுகள் நம் பக்கம் நிறைய உண்டு. தயவுசெய்து குறைக்க வேண்டாம். பென்னாகரத்திலோ அரூரிலோ பாலக்கோட்டிலோ, சிகிச்சை முடித்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தபடி இதைக் கேட்கிறவர் யாராவது இருப்பார். அவருக்காகத்தான் பேசுகிறேன். அவருக்குச் சமைத்துப் போடுகிறவருக்காகவும்தான்.

அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷம் செவிலியராக இருந்தவள் நான். எந்தச் சிகிச்சை நல்லது என்பதை உங்களைப் பரிசோதித்த மருத்துவர் சொல்லட்டும். மாத்திரைப் பையோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்வது, எப்போது திரும்பி ஓடி வருவது, அதுதான் இன்றைய பேச்சு.

உள்மூலத்துக்குச் சின்ன ரப்பர் வளையம் போட்டு அனுப்புவார்கள். ரத்தம் போகாமல் அந்தச் சதை சுருங்கி, ஒரு வாரம் பத்து நாளுக்குள் வளையத்தோடு விழுந்துவிடும். விழுகிற சமயம் கொஞ்சம் ரத்தம் தெரியும். அறுவை சிகிச்சை என்றால் வேறு கதை. வெட்டிய இடத்தைத் தைக்காமல் திறந்தபடி விடுகிற முறை ஒன்று உண்டு. மில்லிகன், மார்கன் என்ற லண்டன் மருத்துவர்கள் 1937-இல் எழுதிய முறை, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. “தைக்காமலே அனுப்பிட்டாங்களே” என்று கலங்கி வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். புண் அடியிலிருந்து ஆறி வர வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி விடுகிறார்கள். முழுவதும் ஆற ஒரு மாதத்துக்கு மேலும் ஆகலாம். அதுவரை லேசான நீர்க்கசிவும் துணியில் சிறு கறையும் இருக்கும். பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது பட்டினிக்கு. ஆமாம், பட்டினிக்குத்தான். முதல் தடவை வெளிக்குப் போகும்போது வலிக்குமே என்று பயந்து, சாப்பாட்டையே நிறுத்திவிடுகிறார்கள். டீயும் பன்னும், கொஞ்சம் பாலும் ரொட்டியும், அவ்வளவுதான். நான்காம் நாள் மலம் கல்லாகிவிடும். தவிர்க்க நினைத்த வலி இரண்டு மடங்காக வந்து நிற்கும். வலிக்குத் தருகிற சில மாத்திரைகளும் மலத்தைக் கட்டும், டிரமடால் அப்படிப்பட்டது. அதனால்தான் கூடவே மலமிளக்கி சிரப் எழுதித் தருகிறார்கள். நம் ஆட்கள் மாத்திரையைப் போட்டுக்கொள்வார்கள், சிரப்பை அலமாரியில் வைத்துவிடுவார்கள். இரண்டும் சேர்ந்துதான் மருந்து.

இதில் என் மனத்தை மிகவும் வருத்துவது என்னவென்றால், களி தின்று வளர்ந்த ஊரில் “களி கனம், புண் ஆறாது” என்று சொல்லி அதை நிறுத்துகிறார்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. தீட்டிய வெள்ளை அரிசியில் 3 கிராம்கூட இல்லை. ஒரு நாளைக்கு நமக்கு வேண்டியது 25, 30 கிராம். முதல் ஓரிரு நாள் கூழாகக் கரைத்துக் கொடுங்கள், அப்புறம் களியே கொடுங்கள். கீரைக் கடைசல், அவரைக்கொட்டைக் குழம்பு, சீசன் நேரத்தில் ஒரு மாம்பழம், எல்லாம் கொடுங்கள். காரத்தை மட்டும் குறையுங்கள். ஆனால் தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்து மட்டும் போனால் அதுவே அடைத்துக்கொள்ளும். ஒகேனக்கல் குடிநீர் 2013-இல் வருவதற்கு முன், வாய்க்குப் பிடிக்காத போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறைக்குத் தாகம் எடுத்தால்தான் தண்ணீர் ஞாபகம் வரும். இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடியுங்கள். இதய நோய், சிறுநீரக நோய் இருப்பவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்துங்கள்.

வெளிக்குப் போய் வந்ததும் அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, பத்துப் பதினைந்து நிமிஷம் உட்காருங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். டெட்டாலும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், வெறும் தண்ணீர் போதும். துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். கழிவறைக்குள் செல்போன் வேண்டாம். முக்கி உட்காரவும் வேண்டாம்.

இனி அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். ஐம்பது வயது தாண்டியவர், தக்காளித் தோட்டத்தில் கூலி வேலை. வளையம் போட்டு அன்றே வீட்டுக்குப் போனார். ஒரு வாரம் கழித்து ரத்தம் போக ஆரம்பித்தது. சொட்டாக இல்லை, கட்டி கட்டியாக. வீட்டில் மகனும் மருமகளும் இருக்கிறார்கள். யாரிடமும் சொல்லவில்லை. இரவில் எல்லோரும் தூங்கிய பிறகு கொல்லையில் புடவையை அலசிக் காயப்போட்டிருக்கிறார். இரண்டாம் நாள் விடியற்காலை எழுந்து நின்றதும் கண் இருட்டி விழுந்துவிட்டார். ஓடிவந்த மருமகள்தான் புடவையைப் பார்த்து, “அத்தை, ஏன் சொல்லல?” என்று அழுதபடி 108-ஐக் கூப்பிட்டாள். எங்களிடம் வந்தபோது கண்ணிமையின் உட்புறம் காகிதம் போல வெளுத்திருந்தது. ரத்தம் ஏற்றி, கசிந்த இடத்தில் தையல் போட்டுக் காப்பாற்றினோம். தெளிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பையன்கிட்ட இதை எப்படிம்மா சொல்றது?” என்றார்.

அதற்கப்புறம் டிஸ்சார்ஜ் ஆகிற ஒவ்வொருவரிடமும், “ரத்தம் வந்தா வீட்ல யார்கிட்ட சொல்வீங்க?” என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. மனைவியோ, தங்கையோ, பக்கத்து வீட்டு அக்காவோ, ஒரே ஒருவர் போதும். அந்தப் பெயர் வாயில் வராதவரை நான் சீட்டைக் கையில் கொடுத்ததில்லை.

திரும்பவும் சொல்கிறேன். மலத்தின் மேல் கோடாகவோ சில சொட்டாகவோ ரத்தம் தெரிந்தால் பொறுத்துப் பார்க்கலாம். கட்டியாகப் போனால், நிற்காமல் வழிந்தால், தலை சுற்றினால், நடு இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் ஏறிக்கொண்டே போய், கூடவே காய்ச்சலும் சிறுநீர் போக முடியாத நிலையும் வந்தால், அதிலும் வளையம் போட்டவருக்கு வந்தால், அது உள்ளே கிருமி பரவுவதன் அடையாளமாக இருக்கலாம். அபூர்வம்தான், ஆனால் உயிரைக் கேட்கும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூன்று நாளாக மலமே போகவில்லை என்றாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். லாரி ஓட்டுகிறவர்களும் மூட்டை தூக்குகிறவர்களும் எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புங்கள். ஒரே ஊசியில் மூலம் போகும் என்று பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருக்கிற நோட்டீஸை நம்பிப் போக வேண்டாம். கடைசியாக ஒன்று. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். பெருங்குடல் புற்றுநோயிலும் ரத்தம் வரும். கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கிற கோலனாஸ்கோப்பி வேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள். நன்றி, வணக்கம்.