கேட்கிற நேரமும் கேட்கிற இடமும்

நேயர்களுக்கு வணக்கம்.

யாழ்ப்பாண நகரத்தை எப்படித் திருத்தலாம் என்று கேட்டால், யோசனை இல்லாத ஆளை இங்கே காண முடியாது. தேத்தண்ணிக் கடையில், பஸ் நிலையத்தில், கோயில் வீதியில், எங்கே நின்றாலும் யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்கள்: இந்த வாய்க்காலை இப்படி வெட்டியிருக்க வேண்டும், அந்த லைட்டை அங்கே போட்டிருக்க வேண்டும் என்று. பாதிக்கு மேல் நல்ல யோசனைதான். ஆனால் கடை பூட்டுவதோடு அதுவும் முடிந்துவிடுகிறது. மக்களின் யோசனைகளை எழுதி எடுக்கிற கூட்டங்களுக்கு வழக்கமாக வருகிறவர்களே வருகிறார்கள். வழக்கமாகப் பேசுகிறவர்களே பேசுகிறார்கள்.

கரையோரச் சந்தை ஒன்றில் மீன் விற்கிற அக்கா ஒருவரிடம், நீங்கள் ஏன் வருவதில்லை என்று கேட்டேன். "காலமை பத்து மணிக்குக் கூட்டம் வைச்சால், மீனை ஆரிட்டைக் குடுத்திட்டு வாறது தம்பி?" என்றார். பாரை மீனைத் துண்டு போட்டபடியே பிறகு சந்தையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். கழுவுகிற தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது, பெண்கள் கழிப்பறைக்குக் கொண்டி இல்லாததால் ஒருவர் போனால் இன்னொருவர் ஏன் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது, கூரையை எந்தப் பக்கம் இரண்டு தகரம் நீட்டினால் மாரியில் பெட்டிகள் நனையாது, எல்லாம் சொன்னார். பொறியியலாளர் ஒருவர் பக்கத்தில் நின்று குறித்திருக்க வேண்டிய விஷயங்கள் அவை.

ஆகவே என் முதல் வேண்டுகோள் நேரத்தைப் பற்றியது. குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கடற்றொழில் செய்கிற இடங்களில் தொழில் நேரம் பார்த்துக் கூட்டம் வையுங்கள். பெண்கள் வரக்கூடிய பின்னேரம் ஒன்றைப் பெண்களிடமே கேட்டுக் குறியுங்கள். இடமும் இருக்கிறது. எங்கள் ஊர்களில் சனசமூக நிலையம் இல்லாத பகுதி மிகக் குறைவு. பேப்பர் வாசிக்கிற அந்த வாங்குகளில் பெரும்பாலும் ஆண்கள்தான் இருக்கிறார்கள். கிழமையில் ஒருநாளாவது அந்த வாங்குகள் மற்றவர்களுக்கும் கிடைக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் கிணறு ஊறும். குளங்களும் வாய்க்கால்களும் அதற்காகத்தான் இருந்தன. மேட்டு வளவில் ஒருவர் மதிலைக் கட்டி வாய்க்காலை மூடினால், அந்தத் தண்ணீர் கடலேரிப் பக்கம் பள்ளத்தில் இருப்பவருடைய அடுப்படிக்குள் போய் நிற்கிறது. 2024 நவம்பர் மழையில் இதை எல்லோரும் பார்த்தோம். வெள்ளம் எந்த வழியால் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, மலசலகூடக் குழி நிரம்பினால் எந்தக் கிணறு முதலில் கெடுகிறது என்பது பள்ளத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். வடிகால் திட்டம் போடுகிறவர்கள் முதலில் அவர் வீட்டு வாசலில் இருந்து நடக்கத் தொடங்க வேண்டும். தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது, நல்ல விஷயம். அந்தக் குழாய் எந்த ஒழுங்கைக்கு முதலில் வரவேண்டும் என்ற கேள்வியையும் அதே ஆட்களிடம் கேட்கலாமே.

சமத்துவம் என்று பேச வந்துவிட்டுச் சாதியைப் பேசாமல் போனால் அது நேர்மையில்லை. சாதியைக் காட்டி ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இலேயே வந்தது. ஆனாலும் சட்டம் வந்த கையோடு கதவுகள் திறக்கவில்லை. 1966இல் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் வரவேண்டியிருந்தது. தேநீர்க் கடைகளுக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் போராட வேண்டியிருந்தது. இந்த நகரத்தை எல்லோருக்கும் பொதுவாக்கிய யோசனைகளில் மிகப் பெரியதை, வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களே கொண்டுவந்தார்கள்.

இன்றைக்கு எங்கள் வீதிகளைத் துப்புரவாக்கும் தொழிலாளர்களிடம் நாங்கள் என்ன கேட்டிருக்கிறோம்? உடைந்த போத்திலைக் கடதாசியில் சுற்றாமல் அப்படியே பையில் போடுகிறோம். அது கிழிப்பது அவர்களுடைய கையை. எந்த வீதியில் எந்த நேரம் குப்பை எடுத்தால் நாய் இழுக்காது, எந்தச் சந்தியில் தொட்டி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டால், கதவடியில் நிற்க விடாமல் கதிரை போட்டு இருத்துங்கள். அவர்கள் முதலில் பேசட்டும்.

இன்னொரு கதவும் இருக்கிறது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, சோனகத் தெருவிலும் அதைச் சுற்றியும் வாழ்ந்த முஸ்லிம் மக்களைச் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். பலர் புத்தளத்தில் வாழ்க்கையைத் தொடங்கினார்கள். போர் முடிந்த பிறகு திரும்பி வந்தவர்களுக்குப் பெரிய சிக்கல் காணி. ஒரு வீட்டை விட்டுப் போன குடும்பம் இன்று மூன்று நான்கு குடும்பங்களாகிவிட்டது. சொந்தக் காணி இல்லாதவருக்கு வீட்டுத்திட்டம் கிடைப்பது கஷ்டம். நகரத்தைப் பற்றி யாரிடம் கேட்பது என்று பட்டியல் எழுதும்போது, இங்கே திரும்பியவர்களோடு, வர விரும்பியும் புத்தளத்திலேயே இருப்பவர்களையும் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இந்த நகரத்தில் அவர்களுக்குப் பாத்தியதை இருக்கிறது.

சரி, கேட்டுவிட்டுப் பிறகு? பிரேசிலில் போர்ட்டோ அலெக்ரே என்ற நகரம் 1989இல் ஒரு வழக்கத்தைத் தொடங்கியது. நகர சபைப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பாளர்களே கூடித் தீர்மானித்தார்கள். இங்கேயும் வட்டாரத்துக்கு ஒரு சிறு தொகையோடு தொடங்கலாம். உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 வீத இடம் என்ற ஏற்பாடு 2018 தேர்தலில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அந்த உறுப்பினர்கள் இந்தக் கூட்டங்களை முன்னின்று நடத்தினால், முன்பு வராதவர்களும் வருவார்கள் என்று நம்புகிறேன். முடிவை மட்டும் மறைக்கக் கூடாது. எந்த யோசனை ஏற்கப்பட்டது, எது விடப்பட்டது, ஏன் என்று சனசமூக நிலையச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நீங்கள் கேட்கலாம்.

மாநகர சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் சபைக்கு வருவதற்கு முன்னதாக, உங்கள் ஒழுங்கையில் உள்ளவர்கள் ஒரு பின்னேரம் கூடுங்கள். இதுவரை யாரும் கேட்காத ஆளை முதலில் பேச விடுங்கள். அவர் சொல்வதை அவருடைய சொல்லிலேயே எழுதி, வட்டார உறுப்பினரிடம் கொடுங்கள். கிடைத்தது என்று அவருடைய கையெழுத்தோடு ஒரு பிரதியை வாங்கி வைத்திருங்கள்.

நன்றி, வணக்கம்.