முதியோர் இல்லத்திலிருந்து மருத்துவமனைக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

முதியோர் இல்லத்தில் ஒருவருக்குத் திடீரென்று முடியாமல் போகிறது. 108க்குப் போன் போட்டாயிற்று, வண்டியும் வந்துவிட்டது. காசுவாலிட்டியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்விக்கு, கூட வந்த பணியாளர் திருதிருவென விழிக்கிறார். முந்தாநாள் வேலைக்குச் சேர்ந்தவருக்கு என்ன தெரியும்? சிக்கல் பெரும்பாலும் ஆம்புலன்ஸில் இல்லை, தகவல் கூடவே போகாததில்தான் இருக்கிறது.

ஆகவே ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கத் தாளை முன்பே எழுதி வையுங்கள். பெயர், வயது, நோய்கள், மருந்து ஒவ்வாமை, குடும்பத்தார் எண் ஆகியவற்றை எல்லோருமே எழுதிவிடுகிறார்கள். விட்டுப்போவது அவருடைய வழக்கமான நிலை. தானே நடப்பாரா, ஆள் பிடிக்க வேண்டுமா? பேசினால் கோர்வையாகப் பேசுவாரா? இது தெரியாவிட்டால், நேற்றுவரை தெளிவாக இருந்த பாட்டியின் இன்றைய குழப்பத்தை, பழைய மறதிநோய் என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. காது மிஷினை இல்லத்திலேயே விட்டுவிட்டுப் போனாலும் இதே கதைதான். அதையும் கண்ணாடியையும் பல்செட்டையும் பெயர் எழுதிய டப்பாவில் போட்டு அனுப்புங்கள்.

வாய் கோணி, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போனால் பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அந்தக் கணக்கு, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து தொடங்குகிறது. காலை 6 மணிக்கு எழுப்பும்போது பார்த்தீர்கள், ஆனால் இரவு 10 மணிக்குப் படுக்கும்போது நன்றாக இருந்தார் என்றால், தாளில் 10 மணி என்றே எழுதுங்கள். ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையில் ரத்தக்கசிவா, அடைப்பா என்பது சி.டி. ஸ்கேனில்தான் தெரியும். வாயில் தண்ணீரும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும்.

வண்டி வருவதற்குள் சுகரைப் பாருங்கள். சுகர் இறங்கினாலும் பக்கவாதம்போலவே தெரியும். 70க்குக் கீழே இருந்து, நினைவோடு விழுங்கவும் முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம். கிளிமிபிரைடு போன்ற சுகர் மாத்திரை சாப்பிடுபவருக்கு, ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அதனால் 'சரியாயிடுச்சு' என்று அனுப்பாமல் இருந்துவிடாதீர்கள்.

மாத்திரைகளை உதிர்த்துப் பொட்டலம் கட்டாமல் அட்டையோடு அனுப்புங்கள். இன்சுலின் கடைசியாகப் போட்ட அளவு, நேரம் இரண்டும் தாளில் இருக்கட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர் கீழே விழுந்து தலையில் அடிபட்டால், நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குத் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும்.

எல்லோரையும் ஓட ஓட அனுப்பத்தான் வேண்டுமா? இல்லை. முற்றிய நோயில் இருப்பவரிடம், எது வேண்டும் எது வேண்டாம் என்று டாக்டர், குடும்பத்தார் முன்னிலையில் நிதானமாகப் பேசி எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018இல் அனுமதித்த முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தின் நடைமுறை, 2023இல் எளிமையானது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடம் கையெழுத்திட்டாலே போதும்.

திரும்பி வரும் நாளிலும் கவனம் வேண்டும். பழைய பி.பி. மாத்திரையும், வேறு கம்பெனிப் பெயரில் டிஸ்சார்ஜில் எழுதிய அதே மருந்தும் சேர்ந்து உள்ளே போய்விடும். இரண்டு அட்டைகளிலும் மூலப்பெயரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பழையதை எடுத்து வையுங்கள். பிறகு முதுகு, இடுப்பு, குதிகால்களில் படுக்கைப்புண் இருக்கிறதா என்று பாருங்கள். சிறுநீர்க்குழாய் போட்டு அனுப்பியிருந்தால், அதை எப்போது எடுக்க வேண்டும் என்று அன்றைக்கே போன் செய்து கேளுங்கள்.