வீட்டுக்குக் காசு இருக்கிறது, மனைக்குப் பட்டா எங்கே?

(காட்சி: ஒரு மஞ்சள் பை. ஒரு கை அதிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைக்கிறது.)

வணக்கம். இந்தப் பை எங்கள் ஊர் அத்தை ஒருவருடையது. திருத்துறைப்பூண்டிப் பக்கம், வாய்க்கால் கரையில் அவருக்கு ஒரு கீற்றுக் குடிசை. பையில் என்னென்ன இருக்கிறது பாருங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை, நூறு நாள் வேலை அட்டை. ஒற்றை விளக்குக் கரண்ட் இணைப்பின் அட்டை. அப்புறம் வீட்டு வரி ரசீதுகள். பழைய ரசீது மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டி, அந்த டேப்பும் பழுப்பேறிவிட்டது.

எல்லாத் தாளிலும் ஒரே முகவரிதான். நாற்பது வருஷமாக இவர் இங்கே குடியிருக்கிறார் என்று அரசாங்கமே ஐந்தாறு தாள்களில் எழுதிக் கொடுத்திருக்கிறது. இந்த இடம் இவருடையது என்று சொல்கிற பட்டா மட்டும் இல்லை. அது இல்லாததால் அரசுத் திட்டத்தில் வீடும் இல்லை.

(காட்சி: திரையில் 3,50,000 என்ற எண்.)

சரி, வீட்டுக்கு அரசு என்ன தருகிறது? 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தமிழக அரசு ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தை அறிவித்தது. 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள், குடிசை இல்லாத தமிழ்நாடு என்பது இலக்கு. முதல் வருஷத்துக்கு 1 லட்சம் வீடுகள். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை இருக்க வேண்டும்.

இதோடு பிரதமர் வீட்டுத் திட்டம் தனியாக இருக்கிறது. சமவெளிப் பகுதிக்கு வீட்டுக்கு 1.20 லட்சம் என்று மத்திய அரசு கணக்குப் போட்டது. அதில் 72,000 மத்திய அரசு, 48,000 மாநில அரசு. அந்தக் காசில் கான்கிரீட் கூரை ஏறாது என்பதால், கூரைக்காக மாநில அரசு மேலும் 1.20 லட்சம் சேர்த்தது. கூட்டிப் பார்த்தால் 2.40 லட்சத்தில் மாநிலத்தின் பங்கு 1.68 லட்சம். திட்டத்தின் பெயரை மட்டும் கேட்டால் இது தெரியாது. ஆக, வீட்டுக்கு எங்கே கோரிக்கை வைப்பது என்று யாராவது கேட்டால், முதலில் சென்னையில் என்றுதான் நான் சொல்வேன்.

மூன்றரை லட்சத்தை 360-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 972 ரூபாய் வருகிறது. நம் பக்கத்துக் களிமண்ணில் அஸ்திவாரம் ஆழமாகப் போக வேண்டும். வெள்ளம் ஏறுகிற ஊர் என்றால் சவுடு அடித்து மனையை உயர்த்த வேண்டும். வீடு கட்டிய யாரிடமும் கேட்டுப் பாருங்கள், பேஸ்மட்டத்திலேயே கை கடிக்கும் என்பார்கள். பணமும் அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் வரும். நடுவில் வருவது குழுக் கடன்.

இன்னொன்றும் உண்டு. வேலை உத்தரவு எந்த மாசம் கையில் கிடைக்கிறது என்பது டெல்டாவில் பெரிய விஷயம். இருக்கிற குடிசையைப் பிரித்துவிட்டு அதே இடத்தில்தான் புது வீடு எழும்ப வேண்டும். ஆவணியில் உத்தரவு வந்தால் ஐப்பசி அடைமழையில் குடும்பமே தார்ப்பாய்க்குள். தை அறுவடை முடிந்ததும் உத்தரவு வந்தால், ஆனிக்குள் கூரை போட்டுவிடலாம். இதைச் செய்ய ஒரு ரூபாய்கூட கூடுதலாகத் தேவையில்லை.

(காட்சி: வாய்க்கால் கரை. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நடவு வயல், நடுவில் வரிசையாகக் குடிசைகள்.)

இப்போது மனைக்கு வருவோம். இந்தப் படத்தை நன்றாகப் பாருங்கள். நடவு நட்டவர்கள் ஏன் கரையில் இருக்கிறார்கள்? வயல் முழுக்கப் பட்டா நிலம். ஒரு பகுதி தனியாருடையது, ஒரு பகுதி கோயிலுடையது, மடத்துடையது. யாருடைய பெயரிலும் இல்லாமல் மிச்சம் இருந்தது ஆற்றுப் படுகையும் வாய்க்கால் கரையும்தான். நிலம் இல்லாதவர்கள் அங்கே ஒதுங்கினார்கள். அது நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது தண்ணீர் போக ஒதுக்கிய அரசு நிலம். அதில் பட்டா தர முடியாது என்பதுதான் சட்டத்தின் நிலை. தண்ணீர் ஓட வழி வேண்டும் என்பதும் நியாயம்தான், கடைமடை விவசாயிக்கு அது உயிர். அப்படியென்றால் மாற்று மனை கொடுக்க வேண்டும். அதற்கு அரசு நிலம் இல்லை என்ற பதிலோடு மனு திரும்பி வருகிறது.

தஞ்சை மாவட்டம் ஒன்றாக இருந்த காலத்தில், பண்ணையில் வேலை செய்தவருக்குக் குடிசை போட இடம் கொடுப்பதே மிராசுதாரர்தான். கூலி கூடக் கேட்டால், குடியிருக்கிற இடமும் போய்விடும். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல், குடியிருப்பிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலிப் போராட்டத்தின் நடுவே, ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். குடிசை என்ற சொல்லை இந்த மண்ணில் இருந்துகொண்டு சாதாரணமாக உச்சரிக்க என்னால் முடியவில்லை.

1971-ல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. நிலக்காரரின் மண்ணில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த இடமே சொந்தம் என்று அது சொன்னது. அதன் பிறகு, உழுபவருக்கு நிலம் என்று கேட்ட லாஃப்டி இயக்கம், 1981-லிருந்து. கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் தொடங்கியது. வங்கிக் கடனோடு நிலத்தை விலைக்கு வாங்கி, தலித் பெண்களின் பெயரில் பதிவு செய்து கொடுத்தார்கள். பெண் பெயரில் பத்திரம் என்பது அன்று இந்தப் பக்கம் சின்ன விஷயம் இல்லை.

1971 சட்டத்தில் ஒரு தாத்தா வாங்கிய பட்டாவுக்கு இன்று என்ன நிலை? அதே இரண்டு மூன்று சென்டில் மகன்கள், பேரன்கள் என நான்கு அடுப்பு எரிகிறது. பட்டாவில் இருப்பதோ இறந்துபோன தாத்தாவின் பெயர். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பட்டா மாறினால்தான் ஒரு வீடாவது வரும். மற்ற மூன்று குடும்பங்கள் எங்கே போகும்?

கோயில் இடத்தில் குடியிருப்பவர்களின் கதை வேறு. மேலே நிற்கிற சுவர் நம்முடையது, அடிமனை சாமியுடையது. மூன்று தலைமுறையாக வாடகை கட்டினாலும் பட்டா சாமி பெயரில்தான். 2019-ல் இப்படிப்பட்ட குடியிருப்புகளை வரன்முறை செய்ய, அதாவது சட்டப்படி ஏற்றுக்கொள்ள, ஓர் அரசாணை வந்தது. கோயில் நிலத்தைப் பொறுத்தவரை அதற்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. சாமி சொத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நீண்ட கால வாடகைதாரரின் அனுபவ உரிமையை வீட்டுத் திட்டத்துக்கு ஏற்றுக்கொள்ள ஒரு வழி தேட வேண்டும். நிலம் கோயிலிடமே இருக்கட்டும், கூரை மட்டும் கான்கிரீட் ஆகட்டும்.

(காட்சி: அலுவலகப் படிக்கட்டு. அத்தையின் செருப்பு வாசலில்.)

ஒரு குடிசை மாற ஊரக வளர்ச்சி, வருவாய், நீர்வளம், அறநிலையம், ஆதிதிராவிடர் நலம் என்று ஐந்து துறைகளின் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. பட்ஜெட்டில் வீடு கட்டத் தொகை தெளிவாக இருக்கிறது. மனை வாங்கவும் அதே அளவு தெளிவாக, மாவட்ட வாரியாக ஒரு தொகை வேண்டும். ஆதிதிராவிடர் மனைக்கு நிலம் எடுக்க 1978-லேயே தனிச் சட்டம் இருக்கிறது. நஞ்சைக்கு விலை அதிகம், மண் அடிக்கச் செலவு அதிகம், தெரியும். அதனால்தான் டெல்டாவுக்கு அதைத் தனியாக ஒதுக்கச் சொல்கிறோம். உங்கள் எம்.எல்.ஏ.விடம் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை வீடு வந்தது என்பது மட்டும் அல்ல. எத்தனை மனை வாங்கினீர்கள் என்பதும்தான்.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ‘எனக்கு வீடு வேண்டும்’ என்று தனித்தனியாக எழுந்து சொன்னால் குரல் காற்றோடு போய்விடும். தெருவே சேர்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். குடும்பத் தலைவி பெயர், குடியிருக்கும் இடத்தின் சர்வே எண், அந்த இடம் நத்தமா, வாய்க்கால் புறம்போக்கா, கோயில் இடமா, எத்தனை வருஷம். தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதவைத்து, நகல் வாங்குங்கள்.

அத்தைக்கு அவர் இடத்தின் சர்வே எண் தெரியாது. போன வாரம் நானும் அவரும் செல்போனில் வரைபடத்தைத் தேடி எடுத்தோம். வாய்க்காலும் அவர் குடிசையும் ஒரே எண்ணில் இருந்தன. ரேஷன் கார்டின் பின்பக்கம் பேனாவால் அதை எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.