கையா, மனசா?

நடுவர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். 'பெண்களை அதிகம் களைக்க வைப்பது உடல் உழைப்பா, மன உழைப்பா?' என்ற தலைப்பில், மன உழைப்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் பேசிய அக்கா, "பீடி சுற்றுகிற பெண்ணின் விரலைப் பார்த்துவிட்டு மனசைப் பற்றிப் பேசுங்கள்" என்றார்கள். பார்த்திருக்கிறேன் அக்கா. அந்த விரல் ஊட்டிய சோற்றில்தான் வளர்ந்தேன். எங்கம்மா முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகு, நனைத்து வெட்டிய இலை, தூள், நூல். ஒரு நாளைக்கு ஆயிரம் பீடி. சின்ன வயசிலிருந்தே பழகிய வேலை; கை தன்பாட்டுக்கு ஓடும், குனிந்துகூடப் பார்க்க மாட்டாள். தலைக்குள் ஓடுவது வேறு. தம்பிக்கு ஃபீஸ் கட்டக் கடைசி நாள் எது, ஆச்சிக்கு மாத்திரை எத்தனை மிச்சம், நாத்தனார் வீட்டுச் சடங்குக்கு என்ன செய்முறை, அப்பா என்ன முகத்தோடு வருவார், அந்த முகத்தைப் பார்த்து எந்தப் பேச்சை எடுக்காமல் இருக்க வேண்டும். பீடியைக் கடையில் எண்ணிக் கூலி கொடுக்கிறார்கள். இதை யார் எண்ணினார்கள்?

2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. அதன்படி, வீட்டு வேலை செய்கிற பெண்களுக்கு அந்த வேலையில் நாளொன்றுக்கு 299 நிமிடம் போனது, வீட்டு வேலை செய்கிற ஆண்களுக்கு 97 நிமிடம். சரி, அந்த 299-இல் துவைத்ததும் சமைத்ததும் வந்துவிடும். சமைத்துக்கொண்டே கவலைப்பட்டது எந்தக் கணக்கில் வரும்?

எங்கப்பா நல்ல மனுசர். சொன்னால் எதையும் செய்வார். அந்தச் 'சொன்னால்' இருக்கிறதே, அதுதான் அம்மாவின் வேலை. எதை, யாரிடம், எப்போது சொல்ல வேண்டும் என்று நாள் முழுக்க அவள்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு மதினி வந்து நாலு இலை வெட்டிக் கொடுப்பார். நினைப்பை யார் வாங்கிக்கொள்வார்கள்?

"உனக்கு என்னம்மா வேணும்?" என்று ஒருநாள் கேட்டேன். சேலை கேட்பாள் என்று நினைத்தேன். "ஒரு மணி நேரம் யாரும் என்னைய எதுவும் கேக்காம இருந்தா போதும்ட்டி" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆச்சியை நான் பார்த்துக்கொண்டேன். தம்பி சோறு வைத்தான். அம்மா செல்போனை வீட்டில் போட்டுவிட்டு, தாமிரபரணிப் படித்துறையில் தண்ணீருக்குள் காலை விட்டு உட்கார்ந்திருந்தாள். மீன் வந்து காலைக் கொத்தியதாம். அதை மூன்று தடவை சொல்லிவிட்டாள். அப்புறம் சுளகை எடுத்து அன்றைய பீடியைக் கணக்குக் குறையாமல் சுற்றினாள். ராத்திரி 'அலுப்பா இருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே ஆயிரம் பீடிதான், நடுவர் அவர்களே. நன்றி.